பிஸ்கட் டின்னில் அறுபது கத்தி

மூன்றாவது முறை எண்ணியபோதும் அறுபதுதான் வந்தது. அறுபத்தொன்று வர வேண்டும். மெக்கானிக் கட்டில்மேல் பரப்பியிருந்த மடக்குக் கத்திகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, வாய்விட்டே எண்ணினான். எத்தனை தடவை எண்ணினால்தான் என்ன, கத்தி குட்டியா போடப்போகிறது?

"ஏங்க, மணி ஏழரை ஆச்சு. பதினோரு மணிக்கு அவங்க வந்துடுவாங்க," என்று மனைவி அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஒண்ணு கொறஞ்சா குடி முழுகிப் போயிடாது. இருக்கறதை மூட்டை கட்டுங்க."

"அந்த ஒண்ணு எங்க இருக்குன்னு தெரியணுமில்ல? அவங்க சோபாவுல உக்காரும்போது அடியில இருந்து எட்டிப் பாத்துச்சுன்னா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒயரின் தோலை உரிக்க, பிளாஸ்டிக் பட்டையை அறுக்க, கதவு ஓடும் காடியில் கல்லாய் இறுகிப்போன அழுக்கைச் சுரண்ட, உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்க, மதியம் ஆப்பிள் நறுக்க, எல்லாவற்றுக்கும் அவனுக்குப் பையில் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். இல்லாவிட்டால் கை ஓடாது. அதற்கு ஒன்று போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அவன் மனைவியும் எட்டு வருடமாக அதைத்தான் கேட்கிறாள். ஆனால் ஒன்றுக்குப் பிடி வாகாக இருந்தால் திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். இன்னொன்று விரல் பட்டதுமே திறக்கும், அதன் கிளிப் பேன்ட்டைக் கிழிக்கும். வேறொன்றில் எல்லாமே சரி, கனம்தான் அதிகம். பாக்கெட்டில் போட்டால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கும். எல்லாம் பொருந்திய கத்தி எங்கோ இருக்கிறது, அடுத்து வாங்கப்போவதுதான் அது என்ற நினைப்பு அவனை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை. தினமும் காலையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பான், வாசல்வரை போவான், திரும்பி வந்து வேறொன்றை எடுப்பான். "நான் கல்யாணத்துக்குக் கெளம்பறதுக்குக்கூட இவ்வளவு நேரம் எடுக்கறதில்ல," என்பாள் மனைவி. மாலையில் டிவி பார்க்கும்போதும் அவன் கை சும்மா இருக்காது. டிக் என்று திறக்கும், டக் என்று மூடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலி வரும்.

அந்தக் கத்திகளைத்தான் இன்று வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி அலுத்துப்போய், குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டு, மூன்று வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள். போன மாதம்தான் காப்பகத்தில் ஒரு பெண் குழந்தையைக் காட்டினார்கள். இரண்டரை வயது. இரண்டாம் முறை போனபோது அது அவனுடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் விடவில்லை. ஆயா வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அந்தக் கட்டைவிரலை மறு கையால் பொத்திக்கொண்டே வந்தான்.

இன்று தத்தெடுப்பு அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார். அவர் சரி என்று எழுதினால் நாளைக்குக் கூடும் கமிட்டியில் குழந்தை இவர்களுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கும் தம்பதிக்கு. ஏற்கெனவே நிரப்பி அனுப்பிய படிவத்தின் நாலாம் பக்கத்தில், வீட்டில் கூரான கருவிகள் உண்டா என்ற கேள்விக்கு இவன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். மூடியில்லாத மீன் தொட்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தை மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள் என்று காதில் விழுந்ததிலிருந்து இருவரும் வீட்டிலிருந்த டப்பாக்களுக்கெல்லாம் மூடி தேடிக்கொண்டிருந்தார்கள். மீன் தொட்டிக்கே மூன்று மாதம் என்றால் அறுபத்தொரு கத்திக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே பயம்.

காணாமல் போனது எது என்று, கத்திகளை எண் போட்டு எழுதிவைத்திருந்த நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டான். பதினேழாம் எண். சின்னது, மாதுளைத் தோல் நிறத்தில் பிடி, ஒற்றைக் கையால் திறக்கலாம். ஷூவுக்குள், கடிகாரத்துக்குப் பின்னால், துவைக்கப் போட்ட சட்டைகளில், டூல் பையில், வாஷிங் மெஷினுக்கு அடியில் என்று தேடாத இடமில்லை. ஒரு கட்டத்தில் அரிசி டப்பாவுக்குள்ளும் கையை விட்டான். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டாள். வழக்கமாக அவள் அப்படி விட்டுவிடுகிறவள் அல்ல. அந்த அவசரத்தில் அவனுக்கு அது உறைக்கவில்லை.

எட்டரை மணிக்கு அறுபது கத்திகளையும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தெருக்கோடியில் ஸ்பீடு வீடு. ஸ்பீடு இவனோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறவன். ஒரு போல்ட்டை முடுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வான் என்பதால் அந்தப் பெயர். அவன் குடியிருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடி ஐந்து மாதமாகிறது. ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் வீட்டு லிஃப்டைத் தொட அவன் கம்பெனிக்கு ஒப்பந்தம் இல்லையாம்.

கதவைத் திறந்தவன் ஸ்பீடின் மகன், ஆறு வயது. அவன் முதுகுக்குப் பின்னால் நாலு வயதுத் தங்கை. பள்ளிக்கூடம் விடுமுறை.

"பிஸ்கட்டா மாமா?" என்றான் பையன், டின்மேலிருந்த படத்தைப் பார்த்து.

"ஆமா, இரும்பு பிஸ்கட். கடிச்சா பல்லு போயிடும்," என்று சொல்லி அவன் தலையைக் கலைத்துவிட்டான் மெக்கானிக்.

ராத்திரி டியூட்டி முடித்துத் திரும்பியிருந்த ஸ்பீடு வாயில் பிரஷ்ஷோடு வந்து டின்னை வாங்கிக்கொண்டான். "பரண்ல போட்டுடறேன்டா, நீ கவலைப்படாம போ," என்று நுரையோடு சொன்னான். மெக்கானிக் நாலு மாடியும் இரண்டிரண்டு படியாக இறங்கினான். பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாரம் பதினேழாம் எண்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நரைத்த கொண்டை, தட்டைச் செருப்பு, தோளில் பெரிய பை, கையில் ஒரு குடை. அந்தக் குடையை வைத்தே பால்கனிக் கம்பியின் உயரத்தை அளந்தார். தரையில் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். பிளக் பாயின்ட்டுக்கு மூடி, மருந்துகள் மேல் அலமாரியில், பாத்ரூமில் வழுக்காத பாய் எல்லாம் போட்டாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

மெக்கானிக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டால் காலி. பதினைந்து வருடத்தில் அந்தப் பாக்கெட் காலியாக இருந்ததே இல்லை. டிவி ரிமோட்டை எடுத்து அதன் பேட்டரி மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். கண் மட்டும் சோபா இடுக்கு, ஜன்னல் ஓரம், செருப்பு ஸ்டாண்டு என்று ஓடியது. எங்கேயிருந்து அந்தப் பதினேழு தலை காட்டப்போகிறதோ என்று உயிர் போய் உயிர் வந்தது. மனைவி அவன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"கூரான பொருள் எதுவும்?" என்று கேட்டார் அதிகாரி.

"சமையல் கத்தி ரெண்டு. மேல வச்சிருக்கோம்," என்றாள் மனைவி. கண்ணை இமைக்கவில்லை.

அங்கேயும் ஒரு டிக் விழுந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். பைக்குள்ளிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "பாப்பாவோட பழைய போர்வையும் ஒரு பொம்மையும். அவ படுக்கப்போற ரூம்ல வச்சிடுங்க. வரும்போது புது வீடுன்னு மிரளாம இருப்பா. எல்லார்கிட்டயும் இதைக் குடுக்கறதில்ல. நிச்சயம்னு எனக்குப் பட்டா மட்டும்தான் கொண்டுவருவேன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியை யாரோ வஞ்சனை இல்லாமல் டேப் போட்டுச் சுற்றியிருந்தார்கள். அதிகாரி நகத்தால் கீறிப் பார்த்தார், பேனா முனையால் குத்திப் பார்த்தார். டேப் மசியவில்லை. "விடுங்க மேடம், நான் பிரிக்கறேன்," என்று மனைவி நாற்காலியில் மாட்டியிருந்த தன் கைப்பையில் கையை விட்டாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். தினம் இருபது பெட்டி பிரிக்கிற பழக்கம். பேச்சு வேறெங்கோ இருக்க, கை தன் வேலையைச் செய்தது. பையிலிருந்து வெளியே வந்த கையில், டிக் என்ற சத்தத்தோடு, கூர் மின்ன, மாதுளைத் தோல் நிறப் பிடி.

"அறுபத்தொண்ணு!" என்று கத்திவிட்டான் மெக்கானிக்.

கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் அவனுக்கு முதலில் வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அடுத்த நொடிதான் தான் செய்த காரியம் விளங்கியது. மனைவி கத்தியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன அறுபத்தொண்ணு?" என்றார் அதிகாரி.

கையிலிருப்பது ஒன்றுதான் என்று சமாளித்திருக்கலாம். ஒரு சின்னக் கத்தியை அவர் மன்னித்தும் இருப்பார். ஆனால் படிவத்தில் எழுதிய பொய்யே அவனுக்குள் நிரம்பியிருந்தது. இன்னொன்று இறங்க இடமில்லை.

"மடக்குக் கத்தி மேடம். மொத்தம் அறுபத்தொண்ணு வச்சிருக்கேன். இது பதினேழாவது. காலையிலேருந்து தேடிட்டிருந்தேன்."

"போன வாரம் நான்தான் எடுத்தேன்," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. "லேப்ல பெட்டி பிரிக்க வாகா இருந்துச்சு. திருப்பி வைக்க மனசு வரல. சொன்னா இவர் பக்கம் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு சொல்லல."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அந்த வாக்குமூலத்தை அவன் ஒரு வருடத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பான். இன்று சிரிப்பே வரவில்லை.

"மீதி அறுபது எங்க?" என்றார் அதிகாரி.

"என்கூட வேலை செய்யறவன் வீட்ல. தெருக்கோடியில. நீங்க பாத்துடக் கூடாதுன்னு காலையில கொண்டுபோய் வச்சேன். பிஸ்கட் டின்ல போட்டு."

அதிகாரி கோபப்படவில்லை. பேனாவை மூடினார். "அந்த வீட்ல யார் யார் இருக்காங்க?"

"அவன், அவன் சம்சாரம், அப்புறம் ரெண்டு..."

வாய் அங்கேயே நின்றுவிட்டது.

அவன் எழுந்து வெளியே ஓடினான். செருப்புப் போடவில்லை. தெருவில் ஓடிக்கொண்டே ஸ்பீடுக்குப் போன் போட்டான். அடித்தது, அடித்தது, அடித்து நின்றது. ராத்திரி டியூட்டி பார்த்தவன் இந்நேரம் இழுத்துப் போர்த்தித் தூங்குவான். அவன் மனைவி வேலைக்குப் போயிருப்பாள். டின்மேல் பிஸ்கட் படம். 'பிஸ்கட்டா மாமா' என்று கேட்ட குழந்தையிடம் ஆமாம் என்று சொன்னவன் இவன்தான். அதிகாரியின் கண்ணில் எது படும், எது படாது என்று ஒரு வாரமாக மூளையைக் கசக்கினானே, ஒரு குழந்தையின் கையில் எது படும் என்று ஒரு நிமிடம் யோசித்தானா? பெண்டாட்டி சொன்னபோதெல்லாம் கேட்காத நெஞ்சு இப்போது அடித்துக்கொண்டது. பழுது என்று அட்டை தொங்கிய லிஃப்டைத் தாண்டிப் படியில் ஏறினான். பின்னால் மனைவியின் காலடி கேட்டது. அதற்கும் பின்னால் இன்னொன்று, தட்டைச் செருப்பு.

கதவு தாழிட்டிருக்கவில்லை. கூடத்தின் நடுவில் டின் திறந்து கிடந்தது. உரித்த டேப் சுருள் சுருளாகத் தரையெங்கும். பையன் கத்திகளைத் திறக்காமலே ஒன்றன்பின் ஒன்றாக ரயில் விட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, இதுல பிஸ்கட்டே இல்ல," என்று குறைபட்டுக்கொண்டான்.

மெக்கானிக் மண்டியிட்டு வாரி வாரி டின்னில் போட்டான். போடும்போதே எண்ணினான். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எண்ணியதில்லை. ஐம்பத்தொன்பது.

"தங்கச்சி எங்கடா?"

பையன் சாப்பாட்டு மேசையைக் காட்டினான். தொங்கும் மேசைத் துணிக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன.

அவன் குப்புறப் படுத்துத் துணியைத் தூக்கிப் பார்த்தான். சுவரோரமாக, எட்டாத தூரத்தில், அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எட்டாம் எண், திறந்திருந்தது. விரல் பட்டால் போதும், திறக்க வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து எண்ணெய் போட்டிருந்தான். சாணையும் பிடித்திருந்தான். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அவள் ஆரஞ்சு நிறக் கிரேயானை வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கூர் இடது கட்டைவிரலை ஒட்டினாற்போல் இறங்கியது.

பாய்ந்து பிடுங்கினால் அவள் பின்னால் இழுப்பாள். கத்தினால் திடுக்கிடுவாள். வாசலில் மூச்சு வாங்க நின்ற அதிகாரி ஒரு கையால் பையனை அணைத்து, மறு கையால் அவன் வாயை மெல்ல மூடினார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சமையல் நடக்குது?" என்றான் மெக்கானிக். குரல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது.

"கேரட்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"மாமாவுக்குப் பசிக்குதே."

"இருங்க. இன்னும் நறுக்கணும்."

இன்னொரு வட்டம் விழுந்தது. இன்னொன்று. அவன் பார்த்துக்கொண்டே கிடந்தான். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"போதும்மா, எனக்கு அதுவே வயிறு நெறஞ்சிடும். ஆனா ஒரு கையில குடுத்தா நான் சாப்பிட மாட்டேன். ரெண்டு கையிலயும் அள்ளிக் குடுக்கணும்."

அவள் யோசித்தாள். அது நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். கத்தியைத் தரையில் வைத்தாள். கிரேயான் துண்டுகளை இரண்டு கையாலும் கூட்டி அள்ளிக்கொண்டு, முழங்காலில் நகர்ந்து வந்து, அவன் உள்ளங்கையில் கொட்டினாள். அவன் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அப்படியே வெளியே இழுத்துக்கொண்டான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பத்து விரலும் முழுசாக இருந்தன. ஆரஞ்சு நிறம் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"சாப்பிடுங்க," என்றாள் அவள்.

அவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆம்பளை, அடுத்தவன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மெழுகை மென்றுகொண்டு, வெட்கமில்லாமல் அழுதான். கேரட் நன்றாக இல்லையோ என்று அவள் பயந்துபோனாள்.

போர்வையோடு அறையிலிருந்து வெளியே வந்த ஸ்பீடு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். டின்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "பரண்ல போடணும்னு நெனச்சிட்டே இருந்தேன்டா," என்றான். அவனை யாரும் திட்டவில்லை. அவனே போய் மேசைக்கடியிலிருந்து கத்தியை எடுத்து மடக்கி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நாலாம் பக்கத்தைத் திருப்பினார். "நீங்க பொய் எழுதினதை எழுதணும். டின்னைக் கொண்டுவந்து இங்க வச்சதையும் எழுதணும். இப்ப நடந்ததையும் எழுதுவேன். எதையும் விட முடியாது."

"எழுதுங்க மேடம்," என்றான் மெக்கானிக், தரையிலிருந்து எழாமலே. "எங்க பேரை எடுத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க. எனக்குக் கொழந்தை வளக்கற யோக்கியதை இல்ல. இருந்தா இந்த டின்னோட இந்தப் படி ஏறியிருப்பேனா? அந்தப் பெட்டி, போர்வை எல்லாம் வீட்ல பிரிக்காமதான் இருக்கு. எடுத்துட்டுப் போயிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் மனைவி அவனுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"அவர் சொல்றதைக் கேக்காதீங்க மேடம். பொய் சொன்னதுல எனக்கும் பாதி, அதை என் பேர்ல எழுதிக்கோங்க. கத்தி அத்தனையும் இன்னைக்கே இரும்பு அலமாரிக்குப் போயிடும், சாவி என்கிட்ட. ஆனா குடுக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க." அவளுக்கு மூச்சு முட்டியது, நிறுத்தவில்லை. "நேத்து வரைக்கும் எங்களுக்குக் கொழந்தை மேல ஆசைதான் இருந்துச்சு. பயம்னா என்னன்னு தெரியாது. இந்த மனுஷனை எட்டு வருஷமா பாக்கறேன், இன்னைக்கு மேசைக்கடியில படுத்துக் கெடந்தாரே, இப்படி அவர் பயந்து நான் பாத்ததே இல்ல. இனிமே இவர் ஒரு ராத்திரி நிம்மதியா தூங்க மாட்டாரு. இப்படிப் பயந்தவர்கிட்டக் கொழந்தையைக் குடுக்காம, வேற யார்கிட்டக் குடுப்பீங்க?"

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"கொஞ்சம் மெதுவா, மொதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார். "நீங்க சொன்னபடியே எழுதிக்கறேன்."